ஹாடோவில் வளராத குழந்தைகள்

அந்தமானுக்குக் கப்பலில் வந்தவை மனிதர்களும் மூட்டைகளும் மட்டுமல்ல. கருவில் இருந்த தலைமுறையையே அழித்த கிருமிகளும் அவற்றுடன் வந்தன.

சென்னையில் கப்பல் ஏறி, ஏறக்குறைய மூன்று நாள் வங்கக் கடலில் ஆடி அசைந்து வருபவர்கள் முதலில் கால் வைக்கும் இடம் ஹாடோ துறைமுகம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் ஒரு பகுதி. மூட்டை முடிச்சுகளுடன் இறங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர் அந்நியமாகத் தெரிவதில்லை. தமிழ் பேச ஆள் உண்டு. கும்பிட வெற்றிமலை முருகன் கோயிலும் உண்டு. செல்லுலார் சிறைக்கு வழி கேட்டுக் கிளம்புகிறவர்களில் அநேகமாக யாருக்கும் தெரியாத ஒரு செய்தி: இதே ஹாடோவில் ஒரு காலத்தில் 'அந்தமான் இல்லம்' இருந்தது. அங்கே பிறந்த குழந்தைகள் வளரவே இல்லை.

கதையின் தொடக்கம் எதிரே கடலில் தெரியும் ராஸ் தீவில். 2018-இல் அதற்கு நேதாஜியின் பெயர் சூட்டப்பட்டது. அபர்தீன் படகுத்துறையிலிருந்து கால் மணி நேரப் பயணம். மான்கள் பயமில்லாமல் நெருங்கி வருகின்றன. ஆலமர வேர்கள் இறுகப் பிடித்திருக்கும் சர்ச், ரொட்டி சுட்ட அடுமனை, ஆங்கிலேய அதிகாரிகள் ஆடிப் பாடிய மாளிகைகளின் செங்கல் எலும்புக்கூடுகள் என்று கைடுகள் வரிசையாகக் காட்டுகிறார்கள். கைதிகளைக் குடியேற்ற பிரிட்டிஷார் 1858-இல் வந்தபோது, கிரேட் அந்தமானியர் என்று பின்னால் அழைக்கப்பட்ட பத்துப் பழங்குடிகள் இந்தத் தீவுகளில் வாழ்ந்தனர். அவர்கள் சுமார் 5,000 பேர் இருந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. 1859-இல் அபர்தீனில் அவர்கள் வில்லும் அம்புமாகப் போரிட்டுத் தோற்றனர்.

துப்பாக்கியைவிட உபசாரம் பலன் தரும் என்று அரசு நினைத்தது. 1863-இல் ஹென்றி கார்பின் என்ற பாதிரியார் ராஸ் தீவில் அந்தமான் இல்லத்தைத் தொடங்கினார். உணவும் உடையும் உண்டு. ஆங்கிலப் பாடமும் உண்டு. வெளியே போகத்தான் முதலில் தடை. பிறகு இல்லம் ஹாடோ உள்ளிட்ட இடங்களுக்குப் பரவியது. காட்டிலிருந்து வருவதும் போவதும் வழக்கமாயிற்று. சிறு கூட்டங்களாகத் தனித்தனியே வாழ்ந்தவர்கள் ஒரே கூரையின் கீழ், கைதிகளுக்கும் காவலர்களுக்கும் பக்கத்தில் தங்கினர். நோய் பரவுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு இருக்க முடியாது.

1876-இல் இல்லத்தில் இருந்தவர்களிடம் சிபிலிஸ் எனும் பால்வினை நோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் அது சில ஆண்டுகளாகவே பரவியிருந்தது. அடுத்த ஆண்டு தட்டம்மை வந்தது. காட்டுக்குத் திரும்பியவர்கள் நோயையும் கூடவே கொண்டு போனார்கள். வெளியார் யாரும் பார்த்திராத குடியிருப்புகளில்கூட மனிதர்கள் மடிந்தனர்.

இந்த இரண்டு நோய்களும் இரண்டு விதமாக வேலை செய்தன. நம் உடலில் சில வகை வெள்ளை அணுக்கள், முன்பு வந்த கிருமியை நினைவில் வைத்திருந்து, மறுபடி வந்தால் விரட்டுகின்றன. தட்டம்மையை ஒருபோதும் பார்த்திராத சமூகத்தில் குழந்தை முதல் கிழவர் வரை யாரிடமும் அந்த நினைவு கிடையாது. எல்லோரும் ஒரே சமயத்தில் படுத்தால் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இருக்காது. போதாக்குறைக்கு, தட்டம்மை வைரஸ் அந்த நினைவு அணுக்களையே தாக்கி அழிக்கிறது. அம்மையிலிருந்து பிழைத்தவர்கூட அடுத்து வரும் நிமோனியாவுக்குப் பலியாகலாம். கர்ப்பிணிகளுக்குக் கரு கலையும் அபாயமும் உண்டு.

சிபிலிஸ் இன்னும் கொடியது. அதன் திருகு வடிவக் கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குள் நுழைந்துவிடும். எலும்பும் கல்லீரலும் மூளையும் உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவற்றிலேயே குடியேறும். தாய் வெளிப் பார்வைக்கு நன்றாகவே இருப்பாள். குழந்தை இறந்தே பிறக்கும். அல்லது குறைமாதத்தில் பிறந்து, ஓயாமல் மூக்கு ஒழுகி, உடல் தேறாமல் போய்ச் சேரும். கர்ப்ப காலத்தில் உரிய நேரத்தில் போடும் பென்சிலின் ஊசி இன்று இதைத் தடுத்துவிடும். அந்த மருந்து 1940-களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

அந்தமான் இல்லத்தில் பிறந்த சுமார் 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்று வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். எல்லாச் சாவுக்கும் சிபிலிஸ் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பழகாத உணவு, புகையிலை, நெரிசல், பிற தொற்றுகள் எல்லாமே சேர்ந்திருக்கும். ஆனால் விளைவு ஒன்றுதான். பெரியவர்களைக் கொள்ளைநோய் கொண்டு போனால், மிஞ்சும் குழந்தைகள் வளர்ந்து இடத்தை நிரப்புவார்கள். இங்கே நிரப்ப யாரும் இல்லை. 1901-இல் 625 பேர். 1931-இல் 90 பேர். 1961-இல் 19 பேர். மக்கள்தொகைக் கணக்கின் இந்த மூன்று எண்களில் அந்த வெற்றிடம் தெரிகிறது.

எஞ்சியவர்களை 1970 வாக்கில் அரசு ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தியது. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 44 பேர். போ மொழியைப் பேசிய கடைசி மனுஷி மூத்த போவா 2010-இல் காலமானார். அவருடன் ஒரு மொழியும் போயிற்று. 2020 ஆகஸ்டில் இந்தச் சின்னஞ்சிறு சமூகத்தில் பத்துப் பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. எல்லோரும் குணமடைந்தனர். 1877-இல் கிடைக்காத பரிசோதனையும் மருத்துவமும் இந்த முறை கிடைத்தன.

பாடம் கற்றதற்கு வேறு சான்றும் இருக்கிறது. 1997-இல் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கிய ஜராவாக்களிடையே 1999-இல் தட்டம்மை பரவியது. கதம்தலா ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றிய டாக்டர் ரத்தன் சந்திர கர் அவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். 2023-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கிரேட் அந்தமானியருக்கு நேர்ந்த கதி ஜராவாக்களுக்கு நேரவில்லை. 2001-இல் 240 ஆக இருந்த அவர்களின் எண்ணிக்கை 2011-இல் 380 ஆயிற்று. மருந்துக்கு இதில் பங்கு உண்டு. தனித்திருக்க அவர்களுக்குக் காடு மிச்சமிருப்பதற்கும் பங்கு உண்டு.

அந்தக் காட்டை ஊடுருவித்தான் அந்தமான் நெடுஞ்சாலை போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி, போலீஸ் காவலுடன் புறப்படுகின்றன. வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, ஜராவாக்களுக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது. காப்பகத்துக்குள் செல்லும் சாலையை மூட உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது. ஆனாலும் போக்குவரத்து நிற்கவில்லை. பாரதாங்கின் சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்கும் ஆசை பலருக்கு அந்த உத்தரவைவிடப் பெரிதாக இருக்கிறது.

தெற்கே கிரேட் நிகோபாரில் கேள்வி இன்னும் பெரியது. சுமார் 8,000 பேர் வாழும் அந்தத் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் அமைக்கும் திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே குடியேறக்கூடும் என்பது திட்டத்தின் கணக்கு. அத்தீவின் காடுகளில் வாழும் ஷோம்பென் மக்கள் 2011 கணக்கின்படி 229 பேர்தான். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அரசு சொல்கிறது. உபசாரம் என்ற பெயரில்தான் ராஸ் தீவிலும் இல்லம் திறந்தார்கள்.

மாலையில் ராஸிலிருந்து கடைசிப் படகு திரும்புகிறது. சர்ச்சையும் அடுமனையையும் படம் பிடித்த பயணிகள் கேமராக்களை உள்ளே வைக்கிறார்கள். அந்த 150 குழந்தைகளின் பெயர்களைச் சொல்லும் கல் எதையும் அவர்கள் அங்கே பார்த்திருக்க மாட்டார்கள்.