பிளைட்ல குழந்தை தூங்க சிரப் கொடுக்கலாமா? நான் செஞ்ச தப்பும் கத்துக்கிட்டதும்

1/ போன வாரம் ஜீயபுரம் கிளினிக்குக்கு ஒரு பாட்டியும் மகளும் ஒன்றரை வயசுப் பேத்தியோட வந்தாங்க. மாப்பிள்ளைக்கு சிங்கப்பூர்ல வேலை. குழந்தைக்கு இதுதான் முதல் பிளைட், அம்மா தனியா கூட்டிட்டுப் போறாங்க. பாட்டி கேட்டது ஒண்ணுதான். "டாக்டரம்மா, நாலு மணி நேரம் இவ தூங்குற மாதிரி ஒரு சிரப் எழுதிக் குடுத்துடுங்க. கத்துனா எல்லாரும் இவளைத்தான் திட்டுவாங்க."

2/ எனக்குக் கோபம் வரல. என் மகனுக்கு 16 மாசம் இருக்கும்போது, இதே திருச்சி–சிங்கப்பூர் பிளைட்ல, இதே தப்பை நானே செஞ்சிருக்கேன். அப்பவும் நான் டாக்டர்தான்.

3/ சளிக்குக் கொடுக்கிற ஆன்டிஹிஸ்டமின் சிரப். தூக்கம் வரும்னு தெரியும். ஏர்போர்ட்லயே ஊத்திவிட்டேன். நடந்தது தலைகீழ். சில குழந்தைகளுக்கு இந்த மருந்து தூக்கத்துக்குப் பதிலா படபடப்பையும் துறுதுறுப்பையும் கொடுக்கும். நான் படிச்சதுதான், மறந்துட்டேன். மூணு மணி நேரம் முன் சீட்டை உதைச்சான், என் தலைமுடியைப் பிடிச்சு இழுத்தான். இறங்கப் போற நேரத்துல அசந்து தூங்கினான். அப்பாடான்னு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்துல காதைப் பிடிச்சுக்கிட்டு அலறி எழுந்தான்.

4/ ஏன் காது? பறக்கும்போது கேபின் உள்ள காற்றழுத்தம் தரையில இருக்கிற மாதிரி இருக்காது. அதிகபட்சம் 8,000 அடி உயரத்துல இருக்கிற அளவுக்குக் குறையும். ஊட்டியே சுமார் 7,300 அடிதான். ஊட்டியிலிருந்து அரை மணி நேரத்துல கடல் மட்டத்துக்கு இறங்கினா காது எப்படி அடைக்கும்? அதுதான் ஒவ்வொரு லேண்டிங்லயும் நடக்குது.

5/ நடுக்காதையும் தொண்டையையும் ஒரு சின்னக் குழாய் இணைக்குது. நாம எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து அழுத்தத்தைச் சமன் செய்யும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகலா, படுக்கைவாட்டமா இருக்கும். சளி பிடிச்சிருந்தா இன்னும் அடைக்கும். தூங்குற குழந்தை விழுங்குறது குறைவு. அப்போ மருந்து கொடுத்து தூங்க வெச்சா, வலியைத் தடுக்கிற ஒரே வழியையும் நாமளே மூடுறோம்.

6/ காது வலி போயிடும். பெரிய பயம் மூச்சு. புரோமெத்தசின் மாதிரி தூக்கம் தர்ற மருந்துகள் சின்னக் குழந்தைகளோட சுவாசத்தையே மந்தமாக்கலாம். 2 வயசுக்குக் கீழ அதைக் கொடுக்கவே கூடாது. குளோர்பெனிரமின் + பினைல்எப்ரின் கலந்த சளி சிரப் 4 வயசுக்குக் கீழ வேண்டாம்னு லேபிள்லயே போடச் சொல்லி 2023 டிசம்பர்ல மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. உங்க வீட்டு அலமாரியில இருக்கிற பாட்டிலை இப்பவே திருப்பிப் பாருங்க.

7/ பாட்டிக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

• ஏறுறதுக்கு முன்னாடி குழந்தையை நல்லா நடக்க விடுங்க. திருச்சி புது டெர்மினல்ல இடம் நிறைய இருக்கு. உள்ள போய் உட்கார வைக்கிறதுல அவசரம் வேண்டாம்.

• குழந்தைக்கான பால், உணவுக்கு 100 மில்லி கட்டுப்பாடு கிடையாது. செக்யூரிட்டில எடுத்துக் காட்டினா போதும்.

• முழுப் பாலையும் டேக் ஆஃப்லயே கொடுத்துடாதீங்க. இறங்கும்போதுதான் அதிகம் தேவை. லேண்டிங்குக்கு அரை மணி நேரம் முன்னாடி அறிவிப்பு வரும். தூங்கினா மெதுவா எழுப்பி, நிமிர்த்தி உட்கார வெச்சு தாய்ப்பாலோ, சிப்பர்ல தண்ணியோ கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க.

• மூக்கு அடைச்சிருந்தா சலைன் சொட்டு மருந்து. காதுவலியோ காய்ச்சலோ இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டுங்க.

• 2 வயசுக்குக் கீழ மடியில உட்கார வெச்சுக்கலாம். அதுக்குன்னு இருக்கிற சின்ன பெல்ட்டைக் கேட்டு வாங்குங்க.

• புதுசா ரெண்டு சின்னப் பொருள். கிண்ணத்துல போட்டு எடுக்கிற மாதிரி எதுவா இருந்தாலும் போதும். வேர்க்கடலை, கடினமான மிட்டாய் வேண்டாம், புரையேறும்.

8/ "இவ்வளவும் செஞ்சும் அழுதா?" மகள் கேட்டாங்க. அழட்டும்மா. அழும்போதும் வாய் திறக்குது, விழுங்குது, காது திறக்குது. வலியைக் குறைக்க அந்தக் குழந்தைக்குத் தெரிஞ்ச வழி அது.

9/ அன்னைக்கு நான் மருந்து ஊத்துனது என் மகனுக்காகன்னு ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன். உண்மையில, பக்கத்து சீட்டுக்காரங்க முகம் சுளிக்கக் கூடாதேன்னு ஊத்துனேன். அதுக்கு ஒரு வயசுக் குழந்தையோட மூச்சைப் பணயம் வெச்சிருக்கேன். ஒண்ணும் ஆகல. ஆனா அது அதிர்ஷ்டம்தான்.

10/ நேத்து மகள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாங்க. "இறங்கும்போது பத்து நிமிஷம் அழுதா மேடம். தண்ணி குடிச்சதும் நின்னுட்டா. பக்கத்துல இருந்த அக்கா என் பையைத் தூக்கிட்டு வந்தாங்க."

11/ பிளைட்ல போற மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. தனியா குழந்தையோட வர்ற அம்மாவைப் பார்த்தா, "பரவால்லம்மா, எங்க வீட்லயும் இப்படித்தான்"னு சொல்லிடுங்க. நீங்க அப்படிச் சொன்னா சிரப் பாட்டிலை எடுக்கிற கை ஒண்ணாவது குறையும்.

குழந்தையோட ஊருக்குக் கிளம்புறவங்க இருந்தா இதை அனுப்பி வைங்க.