மரத்தை நகரச் சொன்னவர்

போடிநாயக்கனூரில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஊருக்கு மேற்கே ஏலமலைச் சரிவு செங்குத்தாக எழுந்துவிடுகிறது. அங்கே பந்தை வைத்தால், அடிக்கும் முன்பே அது உருண்டு போய்விடும். ஆனால் வடகிழக்கே பழனிமலையின் மேல், கொடைக்கானலில், 1895இல் தொடங்கப்பட்ட கோல்ஃப் மன்றம் ஒன்று இருக்கிறது. மரங்கள் சூழ்ந்த 18 குழி மைதானம். உறுப்பினரல்லாதவரும் கட்டணம் செலுத்தி ஆடலாம். செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்று இந்த ஆட்டத்தை ஒதுக்கிவிடுவது எளிது. எனினும், மரங்களுக்கிடையே அதை ஆடும் விதத்தில், இந்த மலையடிவாரத்தில் வாழும் நமக்கு நன்கு பரிச்சயமான ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது.

தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு இது திணைப் பாகுபாட்டை நினைவூட்டுகிறது. திணையின் கருப்பொருள்களுள் மரமும் ஒன்று. அது வெறும் பின்புலம் அன்று. அங்கு நிகழ்வதை உருவாக்குவதில் அதற்கும் பங்குண்டு. மரங்கள் அடர்ந்த மைதானத்திலும் அப்படித்தான். எங்கே அடிக்கலாம் என்பதை ஆடுபவர் மட்டும் தீர்மானிப்பதில்லை.

இதில் ஒரு எளிய கணக்கு உண்டு. குறித்த திசையிலிருந்து 10 பாகை விலகி அடிக்கப்பட்ட பந்து, 200 மீட்டர் சென்றால் ஏறத்தாழ 35 மீட்டர் தள்ளி விழும். 150 மீட்டரே சென்றால் 26 மீட்டர்தான் தள்ளி விழும். பிழை ஒன்றே, வலிமைதான் அதைப் பெருக்குகிறது. கொடைக்கானலைப் போல 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. பந்து இன்னும் தொலைவு போகும், விலகலும் அதற்கேற்பக் கூடும். எனவே, அறிந்து ஆடுபவர் மிக நீளமான டிரைவர் மட்டையைப் பையிலேயே விட்டுவிட்டுச் சிறிய மட்டையை எடுக்கிறார். கொடியை நோக்கி அல்லாமல், அடுத்த அடிக்கு வழி திறக்கும் பக்கத்தை நோக்கி அடிக்கிறார்.

அப்படியும் பந்து மரங்களுக்குள் போய்விடும். அப்போதுதான் ஆசை பேசத் தொடங்குகிறது. மரம் என்பது தொண்ணூறு சதவீதம் காற்றுதான் என்று கோல்ஃப் ஆடுபவர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. கிளைகளின் இடுக்கில் ஒரு கைக்குட்டை அளவு வானம் தெரிந்தால் போதும், அதன் வழியே அடித்து இழந்ததை மீட்டுவிடலாம் என்று தோன்றும். பந்து அடிமரத்தில் மோதி முன்னிலும் மோசமான இடத்துக்குத் திரும்பும். பக்கவாட்டில் தாழ்வாகத் தட்டிப் புல்வெளிக்குக் கொண்டுவந்துவிடுவதே அறிவுடைமை. அதற்கு ஒரு அடிதான் செலவு. ஆடவே இயலாத இடமென்றால், ஒரு அடியைத் தண்டமாக ஏற்றுப் பந்தை எடுத்து வைக்க விதி இடம் தருகிறது. தேடுவதற்கும் 2019 முதல் 3 நிமிடமே அவகாசம். முன்பு 5 நிமிடம் இருந்தது.

இது வல்லவர்களுக்கும் பொருந்தும். தில்லி கோல்ஃப் மன்றத்தின் லோதி மைதானம் புதரும் மரமும் நெருக்கும் குறுகிய மைதானம். 2025 அக்டோபரில் அங்கு ஆடவந்த ரோரி மக்கில்ராய், அவ்வாண்டின் மாஸ்டர்ஸ் வெற்றியாளர், டிரைவரைத் தவிர்க்கவே முடிவெடுத்தார். அவருக்கு வெகு காலம் முன்பே, 1991இல், இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியர் அலி ஷேர். அவர் கேடியாக இருந்து வந்தவர். நம் காதில் வேறுவிதமாக விழும் அச்சொல், கோல்ஃபில் பிறருடைய மட்டைப் பையைச் சுமப்பவரைக் குறிக்கும். மைதானத்தைச் சுமையோடு நடந்து அறிந்தவர்கள் அவர்கள்.

இதற்கு நேர்மாறான ஒருவரும் உண்டு. அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் 17ஆம் குழிக்குச் செல்லும் வழியில் ஒரு பைன் மரம் நின்றது. அதிபர் ஐசனோவரின் பந்து அதில் அடிக்கடி மோதியது. 1956இல் மன்றக் கூட்டத்தில் அம்மரத்தை வெட்டவேண்டும் என்றார் அவர். தலைவர் கிளிஃபர்ட் ராபர்ட்ஸ் அதை ஏற்காமல் கூட்டத்தையே முடித்துவிட்டார். மரம் அவருடைய பெயரையே பெற்று நின்றது. 2014இல் பனிப்புயலில் சிதைந்த பிறகுதான் அகற்றப்பட்டது.

அடியை மாற்றிக்கொள்வதா, மரத்தை நகரச் சொல்வதா? ஏலத்தோட்டத்தில் இக்கேள்வி விளையாட்டாக இல்லை. ஏலம் நிழலில் வாழும் செடி. மழைக்கு முன் நிழல்மரங்களின் கிளைகளைக் கழித்து, செடிக்கு வேண்டிய வெளிச்சத்தை அளந்து விடுவது பழைய முறை. மிகுதியாகக் காய்க்கும் ஞள்ளானி ரகம் பரவியபின், நிழலைக் குறைத்தால் இன்னும் காய்க்கும் என்ற எண்ணம் வலுத்தது. கிளையைக் கழித்தது போய், மரமே போன தோட்டங்கள் உண்டு. 2024 கோடையின் வெப்பத்திலும் வறட்சியிலும் இடுக்கி மாவட்டத்தில் ஏலச்செடிகள் பெருமளவில் கருகின.

அந்த இழப்பு தோட்ட உரிமையாளரோடு நிற்பதில்லை. போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறிக் காய் எடுக்கப் போகும் பெண்களுக்குச் செடி இல்லாவிட்டால் வேலை இல்லை. கோல்ஃபில் பேராசைக்கு ஓரிரு அடிகள்தாம் விலை. இங்கே அந்த விலையைக் கொடுப்பவர், பெரும்பாலும் அடித்தவர் அல்லர்.