முதற்பாடம்

உலானோவா அம்மையாரின் நடனத்தைப் படக்காட்சியிற் கண்டபோது, அது பிறவியில் வந்த வரமென்றே யாம் எண்ணினோம். அவர்தம் ஆசிரியை அக்ரிப்பினா வாகனோவாவின் வரலாற்றை வாசித்தபின் அவ்வெண்ணம் நீங்கிற்று.

1879-ஆம் ஆண்டு பிறந்த வாகனோவாவுக்குத் தலைமை நடனமாது என்னும் பட்டம் 1915-இலேதான் கிட்டிற்று. மறு ஆண்டே மேடையை விட்டு விலகினார். ஆயினும் மனஞ் சோர்ந்தாரல்லர். தாம் பெற்ற பயிற்சியின் குறைகளை ஆராய்ந்து, பிரெஞ்சு முறையின் மென்மையையும் இத்தாலிய முறையின் வலிமையையும் இணைத்துப் புதுமுறை வகுத்தார். அதனை விளக்கி 1934-இல் நூலும் வெளியிட்டார்.

சுவரோரக் கட்டையைப் பற்றி நின்று, முழங்காலை மெல்ல மடக்கி நிமிர்தலே அம்முறையில் முதற்பாடம். கையும் முதுகும் காலும் ஒருங்கே இயைதல் வேண்டும். அரங்க நடுவில் ஆடுதலும் பாய்தலும் பின்னரே. புகழ்பெற்ற நடனமாதரும் நாடோறும் அம்முதற்பாடத்திலேயே தொடங்குவர்.

ஆசிரியத் தொழில் பூண்ட எமக்கு இது நாணத்தை விளைத்தது. மாணவன் ஒருவன் தடுமாறியபோது, அவனை மந்தமதியினன் என்று கூறிக் கைவிட்டதுண்டு. அவ்வம்மையாரோ தம் குறையினின்றே பிறர்க்கு வழி சமைத்தார். இனி மாணவன் தவறுங்கால், அவனோடு யாமும் முதற்பாடத்திற்கே திரும்புவோமாக.