கழற்றிய கம்பி சொல்வது

தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களில் கிதாருக்கு வாரந்தோறும் வேலை இருக்கிறது. வேம்பாரில் தொடங்கிப் புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு வரைக்கும் கடலைப் பார்த்து நிற்கும் தேவாலயங்களில் பாடகர் குழுக்கள் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) திருப்பலியைத் தாய்மொழிக்குக் கொண்டுவந்த பிறகு, ஆர்மோனியத்தோடும் பின்னாளில் கீபோர்டோடும் கிதாரும் அந்தக் குழுக்களுக்குள் வந்து சேர்ந்தது. வாசிப்பவர்களில் பெரும்பாலோர் படிக்கிற பிள்ளைகளும் வேறு வேலை பார்க்கிறவர்களும். கருவியும் பெரும்பாலும் ஒட்டுப்பலகையில் செய்த, விலை குறைந்த கிதார்தான். அந்தக் கருவிகளைச் செப்பனிடுகிறவர்களின் மேசையருகே நின்று கவனித்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. நாதத்தை உயர்த்த எந்தக் கம்பி வாங்கலாம் என்பதை, கம்பியை விற்பவரைவிடக் கழற்றுபவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். விற்பவர் கையில் கம்பி புதிதாக இருக்கிறது. கழற்றுபவரோ, இந்த ஊர்க் காற்று அதை என்ன செய்தது என்பதைத் தினமும் கையில் எடுத்துப் பார்க்கிறார்.

மேசைக்கு வரும் கிதார்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் குறை, “சவுண்டு மந்தமா இருக்கு” என்பது. பழுது பார்ப்பவர் உடனே மரத்தைத் தட்டிப் பார்ப்பதில்லை. ஆறாவது கம்பியின் அடிப்பக்கத்தில், பிரெட்டுகளைத் தொடும் பக்கத்தில், கட்டைவிரல் நகத்தை மெல்ல இழுக்கிறார். நகநுனியில் கருப்பாக அழுக்கு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதே இடத்தில் பிரெட்டுகள் பதிந்த சிறு பள்ளங்கள் நகத்துக்குத் தட்டுப்படுகின்றன. பிறகு பன்னிரண்டாம் பிரெட்டுக்கு நேர்மேலே கம்பியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டி ஹார்மோனிக் எழுப்புகிறார். உடனே அதே பிரெட்டில் அழுத்தி வாசிக்கிறார். இரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். பழைய கம்பியில் நிற்பதில்லை. சுருளின் இடுக்குகளில் உப்பும் தோலின் எண்ணெயும் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் சேர்ந்ததால், கம்பியின் எடை நெடுகச் சீராக இல்லை. சீரற்ற கம்பியின் மேல்சுரங்கள் அடிச்சுரத்தோடு ஒத்துப்போவதில்லை. இடுக்கில் அடைந்த அழுக்கு அவற்றைச் சீக்கிரமே அமுக்கியும் விடுகிறது. மந்தம் என்று காதுக்குக் கேட்பது இதுதான். கிதாரையே மாற்றிவிடலாமா என்று கேட்டு வருகிறவருக்குக் கம்பியை மாற்றினால் போதும் என்று சொல்லி அனுப்பும் நேர்மையை அந்த மேசைகளில் பார்த்தேன். அதற்குப் பழுது பார்ப்பவருக்குக் கிடைப்பது கம்பி பூட்டும் சொற்பக் கூலி.

இந்தக் கடற்கரையில் கம்பி ஏன் இவ்வளவு வேகமாகக் கெடுகிறது? கடலோரம் என்றால் துருப்பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கம்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் காரணத்தைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 விழுக்காட்டிலேயே ஈரத்தை இழுக்கும். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் நிறைந்திருப்பதும் இந்த மக்னீசியம்தான். சுத்திகரிக்காத கல்லுப்பு மழைக்காலத்தில் ஜாடியிலேயே கசிவதற்கும் அதுவே காரணம். கடற்காற்று கம்பியில் படிய வைக்கும் நுண்ணிய உப்பு, மழையே பெய்யாத மாதத்திலும் ஈரமாகவே இருக்கிறது என்பது இதனால் விளங்கும். அந்த ஈரத்துக்குள் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. தடித்த கம்பிகளின் உள்ளே எஃகு நரம்பு, வெளியே செம்புக் கலவைச் சுருள். உப்பு ஈரம் இவற்றுக்கிடையே மின்கலம்போல் வேலை செய்ய, அரிக்கப்படுவது எஃகு. வெளியே பளபளப்பாகத் தெரியும் கம்பி, சாடில் மேல் வளையும் இடத்தில் திடீரென்று அறுந்துபோவதற்கு இது முக்கியக் காரணம்.

ஆகவே இங்கே உலோகத்தைப் பார்த்து வாங்க வேண்டும். 1930களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் 80/20 வகையில் செம்பு 80, துத்தநாகம் 20. புதிதாகப் போட்ட அன்று கணீரென்று ஒலிக்கும். கடைக்காரர் மீட்டிக் காட்டினால் மனம் அதில்தான் நிற்கும். ஆனால் அந்தக் கலவையில் உப்பு ஈரத்துக்கு முதலில் இரையாவது துத்தநாகம். 1974-இல் டடாரியோ நிறுவனம் கொண்டுவந்த பாஸ்பர் பிரான்ஸில் துத்தநாகத்துக்குப் பதிலாக வெள்ளீயமும் சிறிதளவு பாஸ்பரஸும் சேர்ந்திருக்கின்றன. ஒலி சற்று கனிந்திருக்கும், தேய்வும் மெதுவாக நடக்கும். நிக்கலும் செம்பும் சேர்ந்த மோனெல், கப்பல்களில் கடல்நீர் படும் பாகங்களுக்குப் பெயர்போன உலோகம். துறைமுக ஊருக்கு அது பொருத்தமான கம்பிதான், ஆனால் அதன் ஒலியில் மேலே சொன்ன இரண்டு கம்பிகளின் மினுமினுப்பு இருக்காது. மெல்லிய குரல்களுக்குத் துணை வாசிக்க அது குறையே இல்லை என்பது என் எண்ணம். 1990களின் பிற்பகுதியில் எலிக்சர் பரவலாக்கிய பூச்சுக் கம்பி, சுருளின் இடுக்கையே ஒரு மெல்லிய படலத்தால் மூடிவிடுகிறது.

பூச்சு ஒலியை அடக்கிவிடும் என்று அனுபவமுள்ள வாசிப்பாளர்கள் மறுப்பது உண்டு. அவர்கள் சொல்வது பொய்யல்ல. பூச்சுள்ள கம்பியையும் பூச்சில்லாததையும் முதல் நாள் பக்கத்தில் பக்கம் வைத்துக் கேட்டால் பூச்சில்லாததற்கே உச்ச ஒலி அதிகம். ஆனால் ஒப்பிட வேண்டிய நாள் அதுதானா? குளிரூட்டிய அறையில் பதிவு செய்கிறவருக்கு முதல் நாள்தான் முக்கியம். அவர் பூச்சில்லாததையே வாங்கட்டும். ஞாயிறுதோறும் கடற்காற்றில் உறையைத் திறக்கிறவருக்கோ மூன்றாவது, நான்காவது ஞாயிறு எப்படி ஒலிக்கிறது என்பதே கேள்வி. அந்த நாளில் பூச்சுக் கம்பி ஏறக்குறைய தன் பழைய ஒலியிலேயே நிற்கிறது, பூச்சில்லாத கம்பி மந்தமாகிவிட்டது. பூச்சுள்ள செட்டில்கூட, முலாம் மட்டும் பூசிய சில வகைகளில் முதல் இரண்டு வெறும் எஃகுக் கம்பிகளும் துருப்பிடிக்கும் என்பதைப் பழுது பார்ப்பவர்கள் காட்டுகிறார்கள். எனவே அந்த இரண்டையும் தனியாக வாங்கி வைத்திருப்பது நல்லது.

தடிமன் விஷயத்தில்தான் ஆசை அதிகம் ஏமாற்றுகிறது. தடித்த கம்பி போட்டால் சத்தம் கூடும் என்பது உண்மை. அதன் விலையைக் கிதார் கொடுக்கிறது. முதல் கம்பி 0.010 அங்குலமாக இருந்தால் அது ஏறத்தாழ 7 கிலோ இழுவையில் நிற்கும். அதையே 0.012 ஆக்கினால் இழுவை 44 விழுக்காடு ஏறி 10 கிலோவைத் தாண்டும். ஆறு கம்பிகளையும் கூட்டினால், 0.012-இல் தொடங்கும் 12 செட் 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. 10 செட்டுக்கு அது 60 கிலோவை ஒட்டி நிற்கும். கோடை வெயிலில் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு போகும் ஒட்டுப்பலகைக் கிதாருக்கு இந்தப் பத்துக் கிலோ பெரிய சுமை. பசை இளகி, பிரிட்ஜ் பின்பக்கம் தூக்க, அதற்குக் கீழே பலகை வயிறு வைக்கிறது. கம்பி பிரெட்டிலிருந்து உயர்ந்து விரல் வலிக்க, கூட்டிய சத்தத்தை வாசிக்கவே முடியாமல் போகிறது. 11 செட் இந்தக் கருவிகளுக்கு நடுநிலையானது என்று மேசையில் சொல்கிறார்கள். கணக்கும் அதையே சொல்கிறது. நைலான் கம்பிக்காகச் செய்த கிளாசிக்கல் கிதாரில் எஃகுக் கம்பி ஏற்றுவது மட்டும் எந்தத் தடிமனிலும் கூடாது. அந்தப் பலகையின் உள்தாங்கல்கள் அந்த இழுவைக்காக அமைத்தவை அல்ல.

விலையை வைத்து எழும் ஆட்சேபம் இவை எல்லாவற்றையும்விட நியாயமானது. பூச்சுக் கம்பியின் விலை சாதாரண செட்டைப்போல் இரண்டு மூன்று மடங்கு. விடலைப் பையன்கள் காசு சேர்த்து வாங்குகிற இடத்தில் அதைக் கட்டாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லவும் தேவையில்லை. மலிவான பாஸ்பர் பிரான்ஸ் செட்டை, வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் மேலேயும் அடியிலேயும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு உறையில் மூடி வைத்தால் அதன் ஆயுள் கண்ணுக்குத் தெரியும்படி நீள்கிறது. தினமும் வாசிக்கிற கைக்குப் பூச்சு லாபம். ஞாயிறு மட்டும் வாசிக்கிற கைக்குத் துணி போதும். பிராண்டின் புகழை நம்பி, மேல்கம்பி ஒன்று அறுந்ததும் அதை மட்டும் மாற்றிக்கொண்டு மற்ற ஐந்தையும் ஓராண்டுக்கு விட்டுவைப்பதுதான் இரண்டு வழியிலும் நஷ்டம்.

இப்போதெல்லாம் கிதாரை மிக்ஸரில் செருகித்தானே வாசிக்கிறோம், கம்பியில் என்ன இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். சாடிலுக்கு அடியில் வைக்கும் பீசோ பிக்கப், கம்பி சாடிலைத் தள்ளும் அசைவைத்தான் மின்சாரமாக்குகிறது. கம்பியில் செத்துப்போன மேல்சுரங்களை டிரெபிள் குமிழ் பிறப்பிக்காது. இருக்கிற இரைச்சலைத்தான் உயர்த்தும். ஒலித்துளையில் மாட்டும் காந்தப் பிக்கப்புக்கோ செம்புக் கலவைச் சுருள் ஏறக்குறையத் தெரிவதே இல்லை. உள்ளே இருக்கும் எஃகு நரம்பை மட்டுமே அது உணர்வதால் தடித்த கம்பிகள் தாழ்ந்து ஒலிக்கும். காந்தப் பிக்கப் வைத்திருப்பவர் நிக்கல் முலாம் பூசிய எஃகுச் சுருள் கம்பியைக் கேட்டு வாங்க வேண்டும். ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் நிறைவுறும் தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழாவுக்கு வாசிக்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதுக்கம்பி இழுபட்டுச் சுருதியில் நிலைக்க ஓரிரு நாள் எடுக்கும். கொடியேற்றத்தன்று காலையில் அவசரமாகப் பூட்டச் சொன்னால் மாலைப் பாடலில் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் முன்பே மேசைக்குக் கொண்டுபோய், கழற்றிய பழைய கம்பிகளை பழுது பார்ப்பவர் கையில் கொடுத்து, எது எங்கே அரித்திருக்கிறது என்று கேட்டுவிட்டு அடுத்த செட்டை முடிவு செய்யலாம்.