ஷூ தையலும் சுகர் டெஸ்ட்டும்

ஆம்பூர்னா உங்களுக்கு பிரியாணி. எங்க வீட்டுல ஆம்பூர்னா ஷூ! அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. நான் வேலூரில் பி.எஸ்சி., எம்.எல்.டி. எதிர்வீட்டுத் தோழி பி.பி.ஏ.

ஒருநாள் காட்பாடி டிரெயினில் அவள் நோட்டைப் பார்த்து அசந்துட்டேன். நடுவில் சராசரிக் கோடு, மேலேயும் கீழேயும் எல்லைக் கோடுகள். அட, இது எங்க லேப் சார்ட்டாச்சே!

விஷயம் இதுதான். 1924-ல் அமெரிக்காவின் வால்டர் ஷூஹார்ட் தொழிற்சாலைக்காகப் போட்ட சார்ட் அது. 1950-ல் லெவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் அதை லேபுக்குக் கொண்டு வந்தாங்க. அளவு தெரிஞ்ச கன்ட்ரோல் சாம்பிளை மிஷினில் ஓட்டி, தினமும் ஒரு புள்ளி வைப்போம். புள்ளி எல்லை தாண்டினா, காரணம் கண்டுபிடிக்கிற வரை ரிப்போர்ட் போகக் கூடாது.

டிரெய்னிங்கில் ஒரு காலை, சுகர் கன்ட்ரோல் எல்லை தாண்டிடுச்சு. வெளியே நீளமான க்யூ. 'பேசாம விட்டுடலாமா?'ன்னு ஒரு நிமிஷம் சபலம். அம்மா அடிக்கடி சொல்றது ஞாபகம் வந்துச்சு: "ஒரு தையல் கோணினா ஜோடியே ரிஜெக்ட், கண்ணு."

சீனியர்கிட்ட ஓடினேன். ரீஏஜென்ட் கெட்டுப் போயிருந்தது. மாத்தி ஓட்டினதும் புள்ளி உள்ளே வந்தது. க்யூவில் முணுமுணுப்புதான். ஆனா, தப்பான அளவை நம்பி அன்னைக்கு யாரும் இன்சுலின் போட்டுக்கலை.

நீங்களும் பக்கத்து டிபார்ட்மென்ட் நோட்டை ஒருதடவை புரட்டிப் பாருங்க. உங்க பாடம் அங்கே வேற பேர்ல உட்கார்ந்திருக்கும்!