பலகை சொன்ன எண்

ஆன்டெனா என்றால் மொட்டைமாடியில் மீன்முள் மாதிரி நிற்பது என்றே நினைத்துப் பழகிய தலைமுறை நம்முடையது. என் பேத்தி பொறியியல் கடைசி வருடத்தில் செய்த ஆன்டெனா தீப்பெட்டியை விடச் சிறியது. சர்க்யூட் போர்டின் மேல் ஒரு செப்புச் சதுக்கம், அவ்வளவுதான். வைஃபைக்காக 2.45 கிகாஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்டாள். நீளம் சுமார் 29 மில்லிமீட்டர். சோதித்தால் 2.40-ல் போய் நிற்கிறது. கணக்கு தப்பு என்று சொல்லிவிட்டார்கள். ஒப்படைக்கப் பத்தே நாள்.

"கணக்கு சரிதான் தாத்தா, போர்டுதான் வேற" என்றாள்.

செம்புக்கு அடியில் இருக்கும் பலகைதான் அலையின் வேகத்தைக் குறைக்கிறது. எவ்வளவு குறைக்கும் என்பதற்கான எண் மின்காப்பு மாறிலி. (பள்ளியில் நாங்கள் 'கோன்ஸ்தான்த் தியெலெக்த்ரிக்' என்று பிரெஞ்சில் உருப்போட்டது!) காற்றுக்கு ஏறக்குறைய 1. எஃப்.ஆர்-4 எனும் அந்தப் பலகைக்குப் புத்தகங்களில் 4.4. ஆனால் அது கண்ணாடி இழைத் துணியும் எபாக்ஸி பிசினும் சேர்ந்தது. பிசின் கூடினால் குறைந்தால் எண்ணும் மாறும்.

1837-ல் ஃபாரடே இதை அளந்தபோது, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உலோகக் கோளங்களை வைத்து, நடுவே அரக்கு, கந்தகம், கண்ணாடி என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆபீஸ் கவர்களுக்கு ஆயுசு முழுக்க அரக்கு சீல் வைத்தவனுக்கு இதைப் படித்ததில் சின்ன சந்தோஷம்.

பேத்தி அதே பலகையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு செப்பு வளையம் வரைந்தாள். வளையத்தின் சுற்றளவும் அலைநீளமும் ஒன்றாகும் அதிர்வெண்ணில் கருவியின் திரையில் ஒரு முகடு எழும். சுற்றளவு தெரியும், அதிர்வெண் தெரியும், வேகம் கிடைத்துவிடும். அலையின் ஒரு பகுதி மேலே காற்றிலும் கசிவதால் அதற்கும் ஒரு திருத்தம் உண்டு. வந்த எண் 4.6. முகடு மழுங்கலாக இருந்தால் பலகை சக்தியைத் தின்கிறது என்று அர்த்தமாம். எஃப்.ஆர்-4 நிறையவே தின்னும். டெஃப்லான் வகைப் பலகைகள் தின்னாது, விலைதான் நம்மைத் தின்னும்.

அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறைத்து வேறொன்று செய்தாள். 2.45-ல் நின்றது.

புத்தகத்தில் 4.4 தானே என்று வெளித்தேர்வாளர் கேட்டாராம். வளையத்தையும் கையோடு எடுத்துப் போயிருந்தாள்.