புது மாடல் வந்தால் பழைய பைக் என்ன விலை போகும்?

புது மாடல் வரப்போகிறது என்று செய்தி கசிந்தாலே போதும், பழைய மாடலை வைத்திருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பைக் அதேதான், இன்ஜினும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் புரோக்கர் மட்டும், "புதுசு வந்துடுச்சே சார்..." என்று உதட்டைப் பிதுக்குவார்.

யமஹா ஆர்15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு 2008ல் வந்தது. 2011ல் வி2.0, 2018ல் வி3, 2021ல் வி4. எல்லா மாற்றமும் ஒரே மாதிரி இல்லை. வி2.0ல் இன்ஜின் ஏறக்குறைய பழையதுதான். பின் டயர் அகலமானது, சீட் இரண்டாகப் பிரிந்தது. வி3ல் இன்ஜினே 155 சிசி ஆனது, ஸ்லிப்பர் கிளட்ச்சும் வந்தது.

மைலேஜ் பார்த்து பைக் வாங்குபவருக்கு ஹெட்லைட் வடிவம் மாறினால் என்ன போச்சு? ஸ்போர்ட்ஸ் பைக் வாங்குபவர் அப்படியில்லை. தோற்றத்துக்கும் வேகத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். அதனால் அடியும் இங்கேதான் பலமாக விழுகிறது.

அதற்காகப் புதியதெல்லாம் உசத்தி என்றும் இல்லை. பிரிந்த சீட்டில் பின்னால் உட்காருவது கஷ்டம். 2015ல் யமஹாவே ஒற்றை சீட்டோடு ஆர்15எஸ் என்று ஒன்றை இறக்கியது. பழையதில் ஒரு வசதி இருந்தால் அதைத் தேடி வாங்க ஆள் இருக்கத்தான் செய்யும்.

சரி, விலையைத் தீர்மானிப்பது எது? புதியதற்கும் பழையதற்கும் உள்ள விலை இடைவெளிதான். புது மாடல் 20,000 ரூபாய் கூடுதலாக வந்தால், அவ்வளவு கொடுக்க முடியாதவர்கள் பழையதைத் தேடி வருவார்கள். அதே விலைக்கு வந்தால் பழையதன் கதை கந்தல்! ஷோரூமில் மிச்சமிருக்கும் பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் விற்கும்போதும் இதே கதைதான்.

மாடல் மாறாமலே இது நடக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி உட்பட 1,80,000 ரூபாய் இருந்த பைக்கில், வரிக் குறைப்பு மட்டுமே சுமார் 14,000 ரூபாய். புதியதே இவ்வளவு குறையும்போது, பழையதற்கு முன்பு சொன்ன விலையை யார் கொடுப்பார்கள்?

இதில் உண்மையில் மாட்டிக்கொள்வது கடனில் வாங்கியவர்தான். முதல் சில மாதத் தவணைகளில் வட்டியின் பங்கு பிந்தைய தவணைகளைவிட அதிகம், அசல் மெதுவாகத்தான் குறையும். அந்த நேரத்தில் புது மாடல் வந்து விலை விழுந்தால், விற்ற பணம் கடனை அடைக்கவே போதாது. கடன் தீராமல் தடையில்லாச் சான்று கிடைக்காது. அது இல்லாமல் ஆர்.சி.யில் பெயர் மாற்றவும் முடியாது. படிப்பு முடிந்து ஊர் மாறும்போது பைக்கை விற்றுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இன்சூரன்சிலும் ஒரு விஷயம் உண்டு. ஐந்து வருடத்துக்கு உட்பட்ட வண்டிக்கு மதிப்புக் குறைப்பு அட்டவணைப்படி நடக்கும். கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடலுக்கோ, நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான் மதிப்பு. புதுப்பிக்கும்போது அந்தத் தொகையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

விற்பதாக இருந்தால் புது மாடல் வரும் முன் விற்றுவிடுங்கள். வாங்குவதாக இருந்தால் அது வந்து இரண்டு மாதம் ஆகட்டும். பைக் எங்கேயும் ஓடிப்போகாது!